வாசலுக்கு வரும் பூனை யாருடையது?

நீங்கள் மீன் வெட்ட அமர்ந்ததும் மதிலிலிருந்து குதித்து, குசினி வாசலில் வந்து காத்திருக்கும் பூனையொன்று உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும். பிள்ளைகள் அதற்குப் பெயரும் வைத்திருப்பார்கள். ஆனால், அது யாருடைய பூனை என்று விசாரித்துப் பார்த்தீர்களா?

இது சிறிய விடயம்தானே என்று எண்ணாதீர்கள். 'ஊர்ப்பூனை' என்று நினைத்து அதனை வீட்டில் அடைத்துக்கொண்டாலோ, தொல்லை தாங்காமல் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுவிட்டாலோ, அடுத்த ஒழுங்கையில் ஒரு பிள்ளை அழுதழுது அதைத் தேடக்கூடும். மாறாக, 'யாரோ வளர்ப்பதுதானே' என்று எல்லா வீட்டாரும் இருந்துவிட்டால், ஆதரவற்ற அந்த ஜீவன் பசியால் வாடும். ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்கு நேர்ந்த கதியை ஹதீஸ் வாயிலாக நாம் அறிவோம்.

அடையாளங்கள்

கழுத்தைத் தடவிப் பாருங்கள். ரோமம் வட்டமாக அமுங்கியிருந்தால் முன்பு பட்டி கட்டியிருக்கலாம். கொழுத்திருப்பதால் மட்டும் வீடு உண்டு என்று முடிவு செய்ய வேண்டாம். நான்கு வீட்டில் சாப்பிடும் பூனையும் கொழுக்கும். மெலிந்த பூனை, வழி தவறிய வளர்ப்புப் பூனையாகவும் இருக்கலாம். காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் கருத்தடைச் சத்திரசிகிச்சையின் அடையாளம். தெருப்பூனைகளுக்கே அதிகம் இப்படிச் செய்வதால், அது உரிமையாளர் உண்டு என்பதற்கு அத்தாட்சியல்ல.

குறித்த நேரத்துக்கு வந்து, கொஞ்சம் தின்று, ஒரே திசையில் திரும்பிப் போகிறதா? அங்கே வீடு இருக்கலாம். மழையிலும் இரவிலும் உங்கள் வாசலை விட்டு அகலாவிட்டால் சந்தேகியுங்கள். முலைகள் வீங்கியிருந்தால் எங்கோ குட்டிகள் இருக்கும். அத்தகைய பூனையை ஒருபோதும் அடைக்காதீர்கள். முதல் மூன்று, நான்கு வாரங்கள் குட்டிகளுக்குத் தாய்ப்பாலே உணவு.

கடதாசிப் பட்டி

இலகுவான வழியொன்று உண்டு. ஒரு விரல் அகலக் கடதாசித் துண்டில், "இது உங்கள் பூனையா? எங்கள் வீட்டுக்கும் வருகிறது. பதில் எழுதி அனுப்புங்கள்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். இரண்டு விரல் நுழையுமளவு தளர்வாகக் கழுத்தைச் சுற்றி, நுனிகளை ஒட்டிவிடுங்கள். நூலோ ரிப்பனோ வேண்டாம். கிளையில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். கடதாசியென்றால் கிழிந்துவிடும். முதல் தடவை பதில் வராவிட்டால் இன்னும் இரண்டு, மூன்று தடவை முயலுங்கள்.

அயல் வீடுகளிலும், மீன் கொண்டுவருபவரிடமும், மூலைக் கடையிலும் கேளுங்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பூனைகளெல்லாம் தெரியும். அறிவித்தல் ஒட்டினால் ஓர் அடையாளத்தை மட்டும் எழுதாமல் விடுங்கள். உரிமை கோரி வருபவர் அதைச் சொல்லட்டும். முடிந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். சில வளர்ப்புப் பூனைகளுக்குத் தோள்களுக்கிடையே தோலின் கீழ் அரிசி மணியளவு 'சிப்' பொருத்தியிருப்பார்கள். கருவி வைத்தால் அதன் இலக்கம் தெரியும்.

அதுவரை

தண்ணீரும், உப்பும் வெங்காயமும் சேராத அவித்த மீனும் போதும். வெங்காயம் பூனைக்கு நஞ்சு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றோட்டத்தைத் தரும். பூனை கடித்தாலோ கீறினாலோ, ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தைத் துப்புரவு செய்ய வேண்டாம்.

உரிமையாளர் கிடைத்தால், உணவு கொடுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். அது மருந்தில் இருக்கும் பூனையாகவும் இருக்கலாம். எவரும் வராவிட்டால் விசர்நோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் உங்கள் பொறுப்பு. பிள்ளைகள் வைத்த பெயர் அதன் பிறகு நிலைக்கட்டும்.