முகக்கவசமும் முன்மாதிரியும்

கோவிட் பெருந்தொற்றின்போது முகக்கவசம் அணியும் வழக்கத்தை நாட்டின் செல்வநிலை தீர்மானித்ததா? இல்லை என்பதே நாம் காணும் விடை. தெருத்தூசிக்கு முகம் மறைக்கும் பழக்கம் முன்பே நிலவிய வியட்நாம், 2020 மார்ச் 16 முதல் பொது இடங்களில் அதனைக் கட்டாயமாக்கியது. செல்வம் மிகுந்த அமெரிக்காவோ ஏப்ரல் 3 அன்றுதான் பொதுமக்களுக்கு அதனைப் பரிந்துரைத்தது. பின்னர் அங்கு அணிவதும் மறுப்பதும் அரசியல் சார்பின் அடையாளங்களாயின.

எனினும், வறுமை தானாக ஒழுங்கைத் தந்துவிடவில்லை. வங்கதேசத்தில் 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில் நடந்த ஆய்வு இதற்குச் சான்று. வழக்கம்போல் விடப்பட்ட ஊர்களில் நூற்றுக்கு 13 பேரே முறையாக அணிந்தனர். இலவசக் கவசம், தெருவில் நேரடி நினைவூட்டல், ஜுமுஆவில் இமாம்களின் அறிவுரை, ஊர்த் தலைவர்களின் முன்மாதிரி ஆகியன சேர்ந்த ஊர்களில் அது 42 ஆயிற்று. கைப்பேசிச் செய்தியும் பண வெகுமதியும் கூடுதல் பயன் தரவில்லை. அறுவைக் கவசம் வழங்கப்பட்ட ஊர்களில், 60 வயதைக் கடந்தோரிடையே அறிகுறியுடன் கூடிய தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அறிவிப்பு அறிவைத் தரலாம். அதனைச் செயலாக்குவது அருகில் நின்று காட்டும் மனிதரே. மிம்பரில் நிற்போரும் அவர்களுக்குப் பாடம் சொல்லும் நாமும் மறக்கலாகாத உண்மை இது.