மெய்நிகராக்கத்தில் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி

மெய்நிகராக்கத்தில் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி என்பது, ஒரே கணினியில் பல இயக்குதளங்கள் இயங்கும்போது, குறுக்கீடுகளை உரிய இயக்குதளத்திடம் சேர்ப்பதற்காக ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் அமைத்துத் தரப்படும் கட்டுப்படுத்தி ஆகும். மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கி மேலாளும் மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படுகிறது. அவற்றுக்குள் இயங்கும் இயக்குதளம் விருந்தினர் எனவும், வன்பொருளின் மேல் நேரடியாக இயங்குவது ஓம்புநர் எனவும் அழைக்கப்படுகின்றன. 2007 முதல் லினக்ஸ் கருனியில் இடம்பெற்றுவரும் கேவிஎம், ஹைப்பர்வைசருக்கு ஓர் எடுத்துக்காட்டு.

குறுக்கீடும் கட்டுப்படுத்தியும்

விசைப்பலகையில் ஒரு விசை அழுத்தப்படும்போதோ, வலையமைப்பு அட்டைக்குத் தரவுப் பொதி வந்து சேரும்போதோ, அந்தச் சாதனம் செயலிக்கு ஒரு குறிகை அனுப்புகிறது. இதுவே குறுக்கீடு. செயலி அப்போதைய வேலையை நிறுத்திவிட்டு, கருனியில் அதற்கென உள்ள நிரலை இயக்குகிறது. பல சாதனங்களின் குறுக்கீடுகளைப் பெற்று, முன்னுரிமைப்படி செயலியிடம் தருவது கட்டுப்படுத்தியின் பணி.

தொடக்ககால ஐபிஎம் தனிக்கணினியில் இருந்த 8259 சில்லுக்கு எட்டு உள்ளீடுகளே இருந்தன. இன்றைய எக்ஸ்86 கணினிகளில், செயலியின் ஒவ்வோர் உள்ளகத்துக்கும் ஏபிக் எனப்படும் தனிக் கட்டுப்படுத்தி உண்டு. குறுக்கீடுகளுக்கு 0 முதல் 255 வரை எண்கள் உள்ளன. முதல் 32 எண்கள் செயலிக்கே ஒதுக்கப்பட்டவை. வேலை முடிந்ததும், கட்டுப்படுத்தியின் ஒரு பதிவகத்தில் எழுதிக் கருனி அதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், அதே முன்னுரிமையோ அதற்குக் குறைந்த முன்னுரிமையோ உள்ள பிற குறுக்கீடுகள் காத்துக் கிடக்கும்.

மென்பொருள்வழிப் போலச்செய்தல்

கணினி முழுவதும் தன் வசம் உள்ளது என்று கருதியே விருந்தினர் கருனி செயல்படுகிறது. உண்மையான கட்டுப்படுத்தியை மாற்ற அதை அனுமதித்தால், ஓம்புநருக்கும் பிற விருந்தினர்களுக்கும் உரிய குறுக்கீடுகள் குலைந்துவிடும். எனவே, விருந்தினர் கட்டுப்படுத்தியின் பதிவகத்தைத் தொட்டதும், செயலி விருந்தினரை நிறுத்திவிட்டு ஹைப்பர்வைசருக்குத் திரும்புகிறது. இது வெளியேற்றம் எனப்படுகிறது. ஹைப்பர்வைசர், நினைவகத்தில் தான் வைத்திருக்கும் போலிக் கட்டுப்படுத்தியின் நிலையை மாற்றியபின் விருந்தினரை மீண்டும் இயக்குகிறது.

கேவிஎம்மில் ஏபிக் பொதுவாகக் கருனிக்குள்ளேயே போலச்செய்யப்படுகிறது. கியூஎமு போன்ற பயனர் நிரலில் அதை வைத்தால், ஒவ்வொரு முறையும் கருனியிலிருந்து அந்நிரலுக்குச் சென்று திரும்ப வேண்டியிருக்கும்.

வெளியேற்றத்தின் செலவு

ஒரு வெளியேற்றத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் கடிகாரச் சுழற்சிகளோ அதற்கு மேலோ செலவாகும். மென்பொருளை மட்டும் நம்பும் முறையில், ஒரே குறுக்கீட்டுக்கு இருமுறை வெளியேற நேரிடும்: குறுக்கீடு வந்தபோது ஒருமுறை, அது முடிந்ததை விருந்தினர் தெரிவிக்கும்போது மறுமுறை. வினாடிக்குப் பல்லாயிரம் குறுக்கீடுகளைப் பெறும் வழங்கியில் இது பெரும் சுமையாகும்.

வன்பொருளின் உதவி

இச்சுமையைக் குறைக்க, போலிக் கட்டுப்படுத்தியின் வேலையைச் செயலியே ஏற்கத் தொடங்கியது. 2013இல் வெளிவந்த இன்டெல் சியான் செயலிகள் இவ்வசதியைக் கொண்டிருந்தன. இவற்றில், விருந்தினர் தன் வேலை முடிந்ததைத் தெரிவிக்க வெளியேற வேண்டியதில்லை. புதிய குறுக்கீடு வரும்போது, நினைவகத்தில் உள்ள 256 பிட்டுகளில் அதன் எண்ணுக்குரிய பிட்டு குறிக்கப்படுகிறது. விருந்தினர் இயங்கும் உள்ளகத்துக்கு ஓர் அறிவிப்பு செல்ல, செயலியே அக்குறுக்கீட்டை விருந்தினரிடம் சேர்க்கிறது. அந்நேரம் விருந்தினர் இயங்காமல் இருந்தால், அறிவிப்பு ஓம்புநர் கருனிக்குச் செல்கிறது; அது விருந்தினரை எழுப்பிவிடுகிறது.

ஆர்ம் செயலிகளில், காத்திருக்கும் குறுக்கீடுகளை ஹைப்பர்வைசர் பட்டியல் பதிவகங்களில் எழுதி வைக்கிறது. அவற்றை ஏற்பதையும் முடிப்பதையும் விருந்தினர் நேரடியாகவே செய்துகொள்கிறது.

பாதுகாப்பு

வேகத்துக்காக ஒரு சாதனத்தை முழுமையாக ஒரு விருந்தினரிடமே ஒப்படைப்பதும் உண்டு. இங்கே ஓர் ஆபத்து உள்ளது. இக்காலச் சாதனங்கள், குறிப்பிட்ட ஒரு முகவரியில் ஒரு மதிப்பை எழுதுவதன் மூலமே குறுக்கீட்டை எழுப்புகின்றன. தீய நோக்குடைய விருந்தினர், தன்னிடமுள்ள சாதனத்தை அம்முகவரியில் எழுதச் செய்து, பொய்யான குறுக்கீட்டை ஓம்புநருக்கே அனுப்ப முடியும். இவ்வழியில் ஹைப்பர்வைசரைத் தாக்க முடியும் என்பதை ரஃபால் வோய்ட்சுக், யோவன்னா ருட்கோவ்ஸ்கா ஆகியோர் 2011இல் விளக்கிக் காட்டினர்.

குறுக்கீட்டு மறுவரையறை இதற்குரிய தடுப்பாகும். சாதனம் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும், ஓம்புநர் கருனி மட்டுமே எழுதக்கூடிய ஓர் அட்டவணையுடன் வன்பொருள் ஒப்பிடுகிறது. எந்தச் சாதனம் அனுப்பியது என்பதையும் சரிபார்க்கிறது. அட்டவணையில் அனுமதி இல்லாத கோரிக்கை தடுக்கப்படுகிறது. இவ்வசதி இல்லாத கணினியில், மேலாளர் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, சாதனத்தை விருந்தினரிடம் ஒப்படைக்க லினக்ஸ் மறுத்துவிடும்.