பல்பு மேல் பழி போடாதீர்கள்!

பழைய கேரவனின் பின் விளக்கு எரியவில்லையா? பழுது வேறு இடத்தில் இருக்கலாம்!

இரவு 8 மணி. புதுச்சேரியில் இருந்து கடலூர் செல்லும் சாலை. அரியாங்குப்பத்தைத் தாண்டி ஒரு கார் போகிறது. அதன் பின்னால், கொக்கியில் மாட்டிய பழைய கேரவன் ஒன்று ஆடி அசைந்து வருகிறது.

கேரவனுக்குள் கட்டில் உண்டு. அடுப்பு உண்டு. அலமாரியும் உண்டு. ஆனால் பின் விளக்கு மட்டும் எரியவில்லை!

பின்னால் ஒரு லாரி வேகமாக வருகிறது. முன்னால் வண்டி இருப்பதே அதன் டிரைவருக்குத் தெரியவில்லை. தெரியும்போது பிரேக் போட நேரம் இருக்குமா?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், விளக்கு இல்லாத வண்டியின் மீது பின்னால் வரும் வண்டி மோதுவது கற்பனை அல்ல. காருக்குப் பின் விளக்கு இருந்தும் பயன் இல்லை. கேரவன் அதை மறைத்துவிடும். ஆகவே கேரவனின் விளக்குதான் எல்லோருடைய உயிருக்கும் காவல்.

நடமாடும் வீடு

கேரவன் என்றதும் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வு எடுக்கும் வண்டிதான் பலருக்கு நினைவு வரும். உண்மையில் அது சக்கரம் வைத்த வீடு.

உல்லாசப் பயணத்துக்கு என்றே ஒரு கேரவனை 1885-ம் ஆண்டில் கட்டச் செய்தவர், கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர். அந்த வண்டியைக் குதிரைகள் இழுத்தன. மோட்டார் கார் வந்த பிறகு, குதிரையின் வேலையை கார் எடுத்துக்கொண்டது.

புதுச்சேரிக்கும் நீண்ட தூரப் பயணம் புதிது அல்ல. 1969-ம் ஆண்டில், பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில் இருந்து ஒரு குழுவினர் தரை வழியாகவே வண்டிகளில் ஆரோவில் வந்து சேர்ந்தார்கள்.

உப்புக் காற்றின் வேலை

அரியாங்குப்பத்தின் அருகே ஆறு ஓடுகிறது. பக்கத்தில் வீராம்பட்டினம் கடற்கரை. ஆற்றங்கரையில் அரிக்கமேடு. அங்கே 1945-ம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்தபோது, ரோமாபுரியோடு வாணிபம் நடந்த காலத்து மண்பாண்டங்கள் கிடைத்தன. சுட்ட மண் சுமார் 2 ஆயிரம் ஆண்டுகள் தாங்கிவிட்டது!

இரும்புக்கு அந்த யோகம் இல்லை. கடல் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. அது பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறும். துருவும் களிம்பும் மின்சாரத்தைத் தடுக்கும்.

இதனால்தான் பழைய கேரவனில் பல்பு நன்றாக இருந்தும் விளக்கு எரியாமல் போகிறது.

போன பஸ் திரும்ப வேண்டும்

மின்சாரம் பாட்டரியில் இருந்து புறப்பட்டு ஒயர் வழியாக பல்புக்குப் போகிறது. அதோடு வேலை முடியவில்லை. அது மறுபடியும் பாட்டரிக்குத் திரும்பி வர வேண்டும். புதுச்சேரியில் இருந்து கடலூருக்குப் போன பஸ் திரும்பி வந்தால்தானே அடுத்த நடை போகும்? அதுபோலத்தான்.

திரும்பி வரும் வழிக்கு "எர்த்" என்று பெயர். பெரும்பாலான வண்டிகளில் இரும்புச் சட்டமே எர்த்தாக வேலை செய்யும். சட்டத்தில் துரு ஏறினால் வழி அடைபடும். மரச் சட்டம் போட்ட கேரவனில் எர்த்துக்குத் தனி ஒயர் கட்டாயம் வேண்டும். கொக்கியையே எர்த்தாக நம்பக்கூடாது. அதில் கிரீசும் துருவும் இருக்கும்.

எர்த் கெட்டுப்போனதை எப்படி அறிவது? பிரேக் போட்டால் பின் விளக்கு மங்கும். இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டும். நேர் வழி இல்லாததால், மின்சாரம் வேறு பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கிறது என்று அர்த்தம்!

ஒவ்வொன்றாகப் பாருங்கள்

இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி தேவை இல்லை. 12 வோல்ட் பல்பு ஒன்று, அதில் இணைத்த இரண்டு ஒயர், உப்புத்தாள் ஆகியவை போதும். வண்டியைச் சாலையை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்த வேண்டும்.

1. முதலில் கார். கார் விளக்கைப் போட்டு, கேரவன் பிளக் மாட்டும் இடத்தில் சோதனை பல்பை வைக்க வேண்டும். பல்பு எரியாவிட்டால் பழுது காரில் இருக்கிறது. அதன் பியூசைப் பாருங்கள்.

2. அடுத்து பிளக். பிரிட்டிஷ் முறைப்படி 7 முனை உள்ள பிளக்கில் வெள்ளை ஒயர் எர்த். கறுப்பு இடது பின் விளக்கு. பழுப்பு வலது பின் விளக்கு. சிவப்பு பிரேக் விளக்கு. ஆனால் பழைய வண்டியில் யார் எந்த ஒயரை மாற்றினாரோ? நிறத்தை நம்பாமல் சோதனை பல்பை நம்புங்கள். முனைகளில் களிம்பு இருந்தால் சுரண்டி எடுக்க வேண்டும்.

3. பிறகு பல்பு. அதைக் கழற்றி பாட்டரியில் நேராக இணைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பல பழைய கார்களுக்கு 6 வோல்ட் பாட்டரி. அதில் 12 வோல்ட் பல்பு போட்டால் மங்கலாகவே எரியும்.

4. பல்பு நல்லது என்றால் எர்த்தைப் பாருங்கள். பல்பு ஹோல்டரின் உலோகப் பகுதியில் இருந்து பாட்டரியின் எர்த் முனைக்கு ஒரு தனி ஒயர் இழுத்துப் பிடிக்க வேண்டும். விளக்கு பளிச்சென்று எரிந்தால் திருடன் அகப்பட்டான்! எர்த் ஒயர் சேரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும்.

5. கடைசியாக ஒயர். இரும்பில் உள்ள துவாரத்தில் நுழையும் இடத்தில் ஒயர் உராய்ந்து தோல் உரிந்திருக்கும். அங்கே ரப்பர் வளையம் போட வேண்டும்.

விபரீதம் வேண்டாம்!

பியூஸ் அடிக்கடி போனால், சிலர் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைக்கிறார்கள். இது பேராபத்து! பியூஸ் போவது, "எங்கோ ஷார்ட் ஆகிறது" என்ற எச்சரிக்கை. அதைத் தடுத்துவிட்டால் ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும். கேரவனில் மரமும் துணியும் உண்டு. கேஸ் சிலிண்டரும் உண்டு. உள்ளே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கலாம்!

கேரவனுக்கு மட்டும் அல்ல. கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் டிரெய்லருக்கும் இதே முறைதான். விளக்கு எரிந்தாலும், ஒளி பட்டால் மின்னும் சிவப்பு வில்லையைப் பின்புறம் ஒட்டுவது நல்லது. விளக்கு திடீரென்று அணைந்தாலும் அது துணை நிற்கும்.

புறப்படும் முன் ஒருவர் சுவிட்சைப் போட வேண்டும். பிரேக்கையும் மிதிக்க வேண்டும். இன்னொருவர் பின்னால் நின்று, இடது, வலது, பிரேக், இண்டிகேட்டர் எல்லாம் எரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் உள்ள பையனோ பெண்ணோ இந்த வேலையைச் செய்யலாம். ஆகும் நேரம் ஒரே நிமிடம்தான்!