உங்கள் ரெஸ்யூம் மெஷின் கண்ணில் படுமா?

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டி.டி.பி. சென்டரில் போய் 'ஒரு ரெஸ்யூம் அடிக்கணும்' என்று சொன்னால், பத்தே நிமிடத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். மேலே நடுவில் கொட்டை எழுத்தில் தலைப்பு, வலது மூலையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, சுற்றிலும் இரட்டைக் கோட்டு பார்டர். கட்டம் போட்ட அட்டவணைக்குள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மதிப்பெண்கள். அப்பா பெயர், மதம், தெரிந்த மொழிகள். கடைசியில் 'மேற்கண்ட தகவல்கள் யாவும் உண்மை' என்று ஓர் உறுதிமொழி. வருடக்கணக்காக இதே அச்சுதான். பெயரும் போன் நம்பரும் மட்டும் மாறும்.

பிரின்ட் எடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்த காலத்தில் இதில் ஒரு குறையும் இல்லை. இப்போது பெரிய நிறுவனங்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தால், அந்த ஃபைல் பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் ஒரு மென்பொருள். 'அப்ளிகன்ட் டிராக்கிங் சிஸ்டம்' என்று பெயர், சுருக்கமாக ஏ.டி.எஸ்.

இது ஏதோ ஆளை எடைபோடும் அதிபுத்திசாலி என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலானவை செய்வது குமாஸ்தா வேலைதான். ஃபைலில் இருக்கும் எழுத்துகளை மட்டும் உருவி எடுக்கும். இது பெயர், இது போன் நம்பர், இது படிப்பு, இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை இங்கே வேலை, இவை திறமைகள் என்று பிரித்துப் பிரித்துப் பெட்டிகளில் போட்டு வைக்கும். பிறகு ஹெச்.ஆர். பிரிவில் இருப்பவர், கூகுளில் தேடுவதுபோல, 'டேலி, ஜி.எஸ்.டி., இரண்டு வருட அனுபவம், கோயம்புத்தூர்' என்று தட்டுவார். பொருந்துகிற பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். உங்கள் விவரம் தவறான பெட்டியில் விழுந்திருந்தால் அந்த வரிசையில் நீங்கள் இல்லை. யாரும் உங்களை நிராகரிக்கவில்லை. யாரும் பார்க்கவே இல்லை. காத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

'நூற்றுக்கு 75 ரெஸ்யூம்களை மெஷினே குப்பையில் போட்டுவிடுகிறது' என்று ரீல்ஸில் அடிக்கடி சொல்வார்கள். இந்த எண்ணுக்குப் பின்னால் நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் கிடையாது. அப்படிச் சொல்பவர் அடுத்த நிமிடமே ரெஸ்யூம் டெம்ப்ளேட் ஒன்றை விற்க ஆரம்பித்தால் ஆச்சர்யப்படாதீர்கள். மென்பொருளே நேரடியாகக் கழித்துவிடுவது பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் கேட்கும் 'ஆம்/இல்லை' கேள்விகளில்தான். 'இரண்டு வருட அனுபவம் உண்டா?', 'இரவு ஷிஃப்ட்டுக்குச் சம்மதமா?' போன்றவற்றை அவசரத்தில் மாற்றித் தட்டிவிட்டால், ரெஸ்யூம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருடம் வேலை பார்த்த பெண். ரெஸ்யூமில் அவர் எழுதியிருப்பது, 'அக்கவுன்ட்ஸ் வேலைகள் அனைத்தும் தெரியும். கடின உழைப்பாளி. மூன்று வருட அனுபவம்.' மூன்றுமே உண்மை. ஆனால், விளம்பரத்தில் கேட்டிருப்பது டேலி பிரைம், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஃபைலிங், டி.டி.எஸ்., பேங்க் ரீகன்சிலியேஷன். இந்த நான்கில் ஒரு சொல்கூட அவர் ரெஸ்யூமில் இல்லை. இத்தனைக்கும் டேலி பிரைம் நீங்கலாக மற்ற மூன்றும் அவர் தினமும் செய்த வேலைகள்! தேடலில் 'கடின உழைப்பாளி' என்று யாரும் தட்டப் போவதில்லை.

இதையே 'ஜி.எஸ்.டி.ஆர். 1, ஜி.எஸ்.டி.ஆர். 3பி மாதாந்தர ரிட்டர்ன் தாக்கல், டி.டி.எஸ். கணக்கிடுதல், நான்கு வங்கிக் கணக்குகளுக்கு பேங்க் ரீகன்சிலியேஷன்' என்று எழுதினால் மென்பொருளுக்கும் பிடிபடும், பிறகு படிக்கப்போகும் மனிதருக்கும் இவர் என்ன செய்வார் என்று புரியும். 'மூன்று வருடம்' என்று மொத்தமாகச் சொல்வதற்குப் பதில் 'ஜூன் 2016 முதல் மே 2019 வரை' என்று மாதத்தோடு போட வேண்டும். அனுபவத்தை மென்பொருள் கூட்டிப் பார்ப்பது இந்தத் தேதிகளை வைத்துத்தான். அவர் பழகியது பழைய டேலி ஈ.ஆர்.பி. 9 என்றால் அதையே எழுதட்டும். தெரியாத டேலி பிரைமைத் தெரியும் என்று போட வேண்டாம். 2020-ல் வந்த டேலி பிரைமை எஜுகேஷனல் மோடில் இலவசமாகவே பழகலாம். பழகிய பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

போனிலேயே ஒரு டெஸ்ட்

உங்கள் ரெஸ்யூம் மெஷினுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க காசு கொடுத்து எந்த வெப்சைட்டுக்கும் போக வேண்டாம். பி.டி.எஃப். ஃபைலை போனில் திறந்து, விரலை அழுத்திப் பிடித்து, எழுத்துகள் முழுவதையும் காப்பி செய்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். அங்கே வந்து விழுவதைத்தான் ஏறக்குறைய மென்பொருளும் பார்க்கும். இடது பக்கப் பத்தியும் வலது பக்கப் பத்தியும் கலந்துபோய், 'பி.காம். 78 சதவிகிதம் பொழுதுபோக்கு கோலம்' என்று வந்தால், இரண்டு பத்தி டிசைனை விட்டுவிட்டு மேலிருந்து கீழாக ஒரே பத்தியாக அடித்துவிடுங்கள். எதையும் காப்பி செய்யவே முடியவில்லையா? அது எழுத்து இல்லை, படம். பிரின்ட் எடுத்த தாளை ஸ்கேன் செய்து அனுப்புபவர்களுக்கு இதுதான் நடக்கும். போன் நம்பர் காணோமா? அதைப் பக்கத்தின் ஹெட்டருக்குள் போட்டிருப்பீர்கள். சில மென்பொருள்கள் ஹெட்டரையும் ஃபுட்டரையும் தாண்டிப் போய்விடும். திறமைக்கு நேராக ஐந்து ஸ்டார் போட்டு நான்கைக் கலர் செய்திருந்தால், அது யாருக்கும் ஒன்றும் சொல்லாது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. முதலாவது, இனிஷியல். பெரிய நிறுவனங்களின் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். 'எஸ். கார்த்திகா' என்பதில் 'எஸ்' முதல் பெயராகப் போய் உட்கார்ந்துவிடும். ரெஸ்யூமை அப்லோட் செய்ததும் படிவம் தானாக நிரம்பிவிட்டது என்று அப்படியே சப்மிட் அழுத்தாமல், ஒவ்வொரு பெட்டியையும் சரிபார்க்க வேண்டும். மார்க் ஷீட், ஆதார், பான் மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. ஆஃபர் லெட்டர் கைக்கு வரும் நேரத்தில் ஓட வேண்டியிருக்காது.

இரண்டாவது, அரியர். நம் ஊரில் 'ஸ்டாண்டிங் அரியர் இல்லை' என்றால் கல்லூரி வாட்ச்மேனுக்குக்கூடப் புரியும். பல வெளிமாநிலங்களில் அதன் பெயர் பேக்லாக். இரண்டு சொல்லையும் போட்டுவிடலாம். ஊர்ப் பெயரும் அப்படித்தான்: திருச்சி, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி, டூட்டிகோரின். விளம்பரத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுவே ரெஸ்யூமில் இருக்கட்டும்.

குறுக்குவழி ஒன்றும் சுற்றி வருகிறது. விளம்பரத்தில் உள்ள சொற்களையெல்லாம் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைப்பது. மென்பொருள் எழுத்துகளை உருவும்போது நிறம் உதிர்ந்துபோகும், ஒளித்ததெல்லாம் ஹெச்.ஆர். திரையில் பளிச்சென்று தெரியும். சாட்ஜிபிடியிடம் எழுதச் சொல்வதிலும் இதே ஆபத்து இருக்கிறது. இங்கிலீஷைத் திருத்த அது நன்றாக உதவும். நீங்கள் தொட்டுக்கூடப் பார்க்காத சாஃப்ட்வேர் பெயரை அது தானாகச் சேர்த்திருக்கிறதா என்று மட்டும் வரிக்கு வரி பாருங்கள். இன்டர்வியூவில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இடைவெளி என்ன செய்யும்?

மேலே சொன்ன எதுவும் தீர்க்காத பிரச்னை ஒன்று உண்டு. 2021-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சர் நிறுவனமும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நாடுகளில் நடத்திய ஆய்வில், 'வேலைக்குத் தகுதியான ஆட்களும், கேட்ட அளவுகோலில் அச்சுப்பிசகாமல் பொருந்தாததால் வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள்' என்று நிறுவனங்களே பெரும்பான்மையாக ஒப்புக்கொண்டன. ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தால் கழித்துவிடும் வழக்கமும் பல நிறுவனங்களில் இருந்தது. ஏன் இடைவெளி என்று மென்பொருள் கேட்பதில்லை. பிரசவமா, மாமியாருக்கு ஆபரேஷனா, கணவருக்கு டிரான்ஸ்ஃபரா, எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

மனிதர்களின் பழக்கத்தைத்தான் மெஷின் கற்றுக்கொள்கிறது. அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கிப் பார்த்த ஒரு தேர்வு மென்பொருள், அதற்கு முந்தைய பத்து வருடங்களில் வந்த ரெஸ்யூம்களை வைத்துப் பழகியது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, 'பெண்கள் செஸ் கிளப் கேப்டன்' என்பதுபோல 'பெண்கள்' என்ற சொல் வந்தாலே அது மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்த முயற்சியைக் கைவிட்டார்கள் என்ற செய்தியை ராய்ட்டர்ஸ் 2018 அக்டோபரில் வெளியிட்டது.

அதனால், இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறவர்கள் ஆன்லைன் விண்ணப்பத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பழைய ஆபீஸில் கூட வேலை பார்த்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவர்கள் மூலம் ரெஃபரலில் போகலாம். உள்ளூர்ச் சிறு கம்பெனிகளில் ரெஸ்யூமை இன்னமும் முதலாளியே வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்க்கிறார். ரெஸ்யூமில் அந்த வருடங்களை வெறுமனே விடாமல், 'குடும்பப் பொறுப்புக்காக இடைவெளி, ஜூன் 2019 முதல்' என்று ஒரே வரியில் நேராக எழுதிவிடலாம். அந்தச் சமயத்தில் தெருமுனை ஹார்டுவேர் கடைக்கு மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்து கொடுத்திருந்தால் அதுவும் வேலைதான். சம்பளம் இரண்டாயிரமே ஆனாலும் மாதம், வருடம் போட்டு அனுபவப் பகுதியில் எழுத வேண்டும்.