ஊடகக் கல்வி

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் யாவரும் கல்வியறிவு உடையவர் என்று உலகம் கருதிவந்தது. செய்தித்தாளும் வானொலியும் தொலைக்காட்சியும் பெருகிய பின்னர், அவ்வறிவு மட்டும் போதாதாயிற்று. ஒரு செய்தியைப் படித்தல் வேறு; அதனை ஆராய்ந்து தெளிதல் வேறு. பின்னதைக் கற்பிப்பதே ஊடகக் கல்வியாகும்.

இக்கல்வி உலகம் தழுவிய கொள்கையாக உருப்பெறுவதற்கு ஆசிரியர்கள் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்று துணைசெய்தது. ஜெர்மனி நாட்டில், மியூனிக் நகருக்குத் தெற்கே, ஈசார் ஆற்றின் கரையில் கிரூன்வால்டு என்னும் ஊர் உள்ளது. 1982ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, அவ்வூரில் அக்கருத்தரங்கைக் கூட்டிற்று. 19 நாடுகளிலிருந்து கல்வியாளரும் ஆராய்ச்சியாளரும் செய்தித் தொடர்புத் துறையினரும் வந்து குழுமினர்.

அந்நாளில், சில நாடுகளில் சிறுவர்கள் பள்ளியில் கழித்த நேரத்தினும் மிகுதியான நேரத்தைத் தொலைக்காட்சியின்முன் கழித்தனர். இதற்காக ஊடகங்களைப் பழித்து ஒதுக்குவதா, அன்றிப் புகழ்ந்து ஏற்பதா? அவையோர் இரண்டினையும் கொள்ளவில்லை. ஊடகங்களின் ஆற்றலை உள்ளவாறு உணர்ந்து, அவற்றை ஆராயும் திறனை மாணவர்க்கு அளிப்பதே தக்கது எனத் துணிந்தனர். மழலையர் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரையிலும் முதியோர் கல்வியிலும் இதனைக் கற்பித்தல், ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தல், ஆராய்ச்சியை வளர்த்தல், நாடுகள் தம்முள் ஒத்துழைத்தல் ஆகிய நான்கினையும் வேண்டி, சனவரி 22ஆம் நாள் ஒருமனதாக அறிக்கை வெளியிட்டனர்.

ஆசிரியர்க்குப் பயிற்சி எதற்கு? தாம் வினவிப் பழகாதவர் பிறரை வினவப் பழக்குதல் அரிது. வெள்ளத்தில் மூழ்கிய தெரு ஒன்றின் படம் வகுப்பிற்கு வருகிறது எனக் கொள்வோம். இதனை எடுத்தவர் யார்? எந்த ஊரில், எந்த ஆண்டில் எடுத்தார்? இப்பொழுது இதனைப் பரப்புவோர் கருதும் பயன் யாது? சட்டத்திற்கு வெளியே விடுபட்டது எது? வேறு சான்று உண்டா? இவ்வாறு ஒவ்வொன்றாக வினவ, பழைய படம் புதிய செய்தியாக உலவுவது வெளிப்படும். எனினும், எதனையும் நம்பாமை தெளிவு ஆகாது. எல்லாவற்றையும் நம்புதல் ஒரு பேதைமை; யாவற்றையும் ஐயுறுதல் மற்றொரு பேதைமை. சான்று உள்ளதை ஏற்று, இல்லாததை விலக்குதலே நடுநிலை.

கிரூன்வால்டில் ஊன்றிய வித்து வீண்போகவில்லை. 25 ஆண்டுகள் கழித்து, 2007இல் பாரிசு நகரில் கூடிய அவை 12 பரிந்துரைகளை வழங்கிற்று. 2011இல் யுனெஸ்கோ ஆசிரியர்க்கென ஒரு பாடத்திட்டத்தை வெளியிட்டது. அக்டோபர் 24 முதல் 31 வரை ஊடக, தகவல் அறிவு வாரமாகக் கொண்டாடப்பெறும் என ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2021இல் அறிவித்தது.

1982இல் செய்தி பரப்புவோர் சிலர், கேட்போர் பலர். இன்றோ கைப்பேசி உடையார் ஒவ்வொருவரும் செய்தி பரப்புவோரே. 2018ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்போர் வந்துள்ளனர் என்னும் பொய்ச்செய்தி கைப்பேசி வழியே பரவியதால், இந்தியாவின் பல மாநிலங்களில் குற்றமற்றோர் பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். அதனைப் பரப்பியோருள் பலர் எழுத்தறிந்தவரே. ஆராயும் பழக்கமே அவரிடம் இல்லை. ஒரு செய்தியைப் பிறர்க்கு அனுப்புமுன் சிறிது நின்று, அதன் மெய்ம்மையைத் தேர்ந்தறிதல் ஓர் உயிரையும் காக்கக் கூடும். அப்பழக்கத்தை இளமையிலேயே கற்றுக்கொள்வது மாணவர் கடமையாகும்.