எந்த அடுக்கில் கோளாறு?

மருதாணிச் சிவப்பு இரண்டு மூன்று வாரத்தில் வெளுத்துவிடுகிறது. பாட்டி கையில் சின்ன வயதில் குத்திய பச்சையோ கடைசிவரை போவதில்லை. இரண்டும் தோலில் ஏற்றிய நிறம்தான். இறங்கிய ஆழம்தான் வேறு. மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயம், தோலின் மேற்பரப்பில் இருக்கும் செத்த செல்களின் கெராட்டின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தச் செல்கள் உதிர உதிர நிறமும் உதிர்கிறது. பச்சை குத்தும் ஊசி அதற்குக் கீழே போய் மையை இறக்குகிறது. அங்கே இருக்கும் மேக்ரோபேஜ் செல்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் செத்தால் அது விட்ட மையை இன்னொன்று எடுத்துக்கொள்கிறது.

தோல் நோய்களிலும் இந்த ஆழம்தான் பெரும்பாலும் கதையைத் தீர்மானிக்கிறது. அரிக்குமா வலிக்குமா, தழும்பு விழுமா, களிம்பு போதுமா, மாத்திரை வேண்டுமா என்பதெல்லாம் கோளாறு எந்த அடுக்கில் என்பதைப் பொறுத்தது. தோல் மருத்துவர் தடவிப் பார்ப்பதும், அழுத்திப் பார்ப்பதும், சீட்டில் புரியாத சொல் ஒன்றை எழுதுவதும் அந்த அடுக்கைத் தேடித்தான்.

மேல்தோல்: செத்துக்கொண்டே புதிதாவது

வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். மேலே இருப்பது மேல்தோல். கண் இமையில் இதன் தடிமன் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர், உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர். இதில் ரத்தக் குழாயே கிடையாது. அடிவரிசையில் பிறக்கும் செல், புதிய செல்கள் கீழிருந்து தள்ளத் தள்ள மேலே ஏறி, கெராட்டினால் நிரம்பி, செத்து, தகடுபோல் படிந்து, பிறகு உதிர்கிறது. இதற்குச் சுமார் நான்கு வாரம் ஆகும். சொரியாசிஸ் நோயில் இந்தப் பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. பக்குவப்படாத செல்கள் குவிந்து வெள்ளி நிறச் செதிலாக உதிர்வது அதனால்தான்.

அதே அடிவரிசையில்தான் நிறமி தயாரிக்கும் மெலனோசைட் செல்களும் இருக்கின்றன. கறுப்பானவருக்கும் வெளுப்பானவருக்கும் இவற்றின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. அவை தயாரிக்கும் நிறமித் துகள்களின் அளவும் பரவலும்தான் வேறு. ஒரு வாரத்தில் வெளுப்பாக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களைப் பார்க்கும்போது இது நினைவில் இருந்தால் பர்சுக்கு நல்லது.

மேல்தோலின் காவல்காரச் செல்களை 1868-இல் விவரித்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். அப்போது அவர் மருத்துவ மாணவர். கிளை விரித்த வடிவத்தைப் பார்த்து அவற்றை நரம்புச் செல்கள் என்றே எண்ணினார். நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை என்று தெரிய ஒரு நூற்றாண்டு ஆனது.

உள்தோல்: உயிரோட்டமுள்ள பகுதி

அடுத்தது உள்தோல். கொலாஜன், எலாஸ்டின் இழைகளால் ஆன இந்த அடுக்கில்தான் ரத்தக் குழாய், நரம்பு, மயிர்க்கால், எண்ணெய்ச் சுரப்பி எல்லாம் இருக்கின்றன. புல்லரிக்கும்போது மயிரை நிமிர்த்தும் குட்டித் தசையும் இங்கேதான். இதற்கும் கீழே தோலடிக் கொழுப்பு.

இந்த அடுக்குகளைத் தீக்காயம் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். மேல்தோல் மட்டும் சுட்டால் சிவந்து எரியும், தழும்பில்லாமல் ஆறிவிடும். உள்தோலைத் தொட்டால் கொப்புளம் கிளம்பும், வலி தாங்காது. உள்தோல் முழுக்க வெந்துவிட்டால் அந்த இடத்தில் வலியே இருக்காது. வலியை உணர்த்தும் நரம்பு முனைகளும் சேர்ந்து கருகியிருக்கும். 'வலிக்கல, பரவால்ல' என்று வீட்டிலேயே இருந்துவிடுவது இங்கேதான் ஆபத்தாகிறது. எந்தத் தீக்காயத்துக்கும் முதலுதவி, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

வேர்க்குருவில் மூன்று விதம்

சித்திரை வெயிலில் நம்மில் பலர் அனுபவிக்கும் வேர்க்குருவை, ஆழம் நோயின் முகத்தை மாற்றுவதற்கு நல்ல உதாரணமாகச் சொல்லலாம். வியர்வைக் குழாய் அடைபடுவதுதான் காரணம். அடைப்பு எங்கே என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மேல்தோலின் உச்சியிலேயே அடைத்தால், தெளிந்த நீர் கோத்த குட்டிக் குட்டிக் கொப்புளங்கள் வரும். அரிக்காது. துண்டால் துடைத்தாலே உடைந்துவிடும். பச்சைக் குழந்தைகளிடமும், காய்ச்சலில் வியர்த்துக் கிடப்பவர்களிடமும் பார்க்கலாம். அடைப்பு மேல்தோலுக்குள் இன்னும் கொஞ்சம் கீழே இருந்தால், வெளியேற வழியில்லாத வியர்வை சுற்றியுள்ள திசுவுக்குள் கசிந்து அழற்சியைக் கிளப்பும். சிவந்து, ஊசி குத்துவதுபோல் அரிக்கும் நமக்குத் தெரிந்த வேர்க்குரு இதுதான். மூன்றாவது வகையில் அடைப்பு மேல்தோலும் உள்தோலும் சேரும் இடத்துக்கே போய்விடும். திரும்பத் திரும்ப வேர்க்குரு வந்தவர்களுக்கு, வெயிலிலும் உலைக்களத்திலும் வேலை செய்பவர்களுக்கு இது வரலாம். தோல் நிறத்திலேயே கெட்டியான பொரிப்பொரியாக இருக்கும்; பெரிதாக அரிக்காது. அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்தப் பகுதியில் வியர்வை வெளியே வராததால் உடல் குளிர வழியில்லாமல், தலைசுற்றல், மயக்கம் வரை போகலாம்.

பவுடரை அப்பிக்கொள்வதைவிட, காற்றோட்டமான இடம், தளர்ந்த பருத்தி உடுப்பு, குளிர்ந்த தண்ணீர்க் குளியல் ஆகியவைதான் மூன்றுக்கும் முதல் வைத்தியம்.

சீட்டில் இருக்கும் சொற்கள்

நிறம் மட்டும் மாறி, கண்ணை மூடித் தடவினால் கைக்குத் தட்டுப்படாமல் இருந்தால் அது மேக்யூல், பெரிதானால் பேட்ச். தேமலும் மங்கும் இந்த ரகம். கைக்குத் தட்டுப்படும் சின்ன மேடு பேப்யூல். அதுவே பெரிதாகி ஆழத்தில் உருண்டு நின்றால் நோட்யூல். மேடு அகன்று தட்டையாகப் பரவினால் பிளாக். நீர் கோத்தால் வெசிக்கிள், சீழ் கோத்தால் பஸ்டியூல்.

பெரிய நீர்க்கொப்புளத்துக்குப் புல்லா என்று பெயர். அது தளர்ந்து, லேசாகப் பட்டாலே உடைந்தால் பிளவு மேல்தோலுக்குள்ளேயே இருக்கலாம். இறுகித் திரண்டு எளிதில் உடையாமல் நின்றால் பிளவு மேல்தோலுக்கு அடியில் இருக்கலாம். முதலாவது பெம்ஃபிகஸ் என்ற நோயின் சாயல், இரண்டாவது பெம்ஃபிகாய்டின் சாயல். பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் போக்கு வேறு. எரோஷன், அல்சர் என்ற புண்களுக்கும் இதே கணக்குதான். மேல்தோல் மட்டும் உரிந்த எரோஷன் தழும்பில்லாமல் ஆறும். உள்தோல்வரை குழிந்த அல்சர் தழும்பை விட்டுத்தான் போகும்.

காணாக்கடித் தடிப்பை வீல் என்பார்கள். உள்தோலில் திடீரென்று நீர் கோத்து எழும் வீக்கம் அது. ஓரிடத்துத் தடிப்பு 24 மணி நேரத்துக்குள் சுவடில்லாமல் மறையும். வேறு இடத்தில் புதிதாகக் கிளம்பும். ஒரே தடிப்பு அதற்குமேலும் அங்கேயே நின்று, கன்றிய தடம் விட்டால் அது வேறு நோயாக இருக்கலாம்.

பாடப் புத்தகங்களில் 'சிவத்தல்' என்று காட்டும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ அழுத்தமான பழுப்பாகவோ தெரியும். சூடும் வீக்கமும் இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. சிவப்புப் புள்ளி கண்டால் கண்ணாடி டம்ளரால் அழுத்திப் பாருங்கள். மறைந்தால் ரத்தம் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. மறையாவிட்டால் வெளியே கசிந்திருக்கிறது. காய்ச்சலோடு அப்படி மறையாத புள்ளிகள் வந்தால், டெங்கு பரவும் காலத்தில் குறிப்பாக, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருந்துக் கடைக் களிம்பு

படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை, மேல்தோலின் செத்த படலத்தில் உள்ள கெராட்டினைத் தின்று வாழ்கிறது. அரிப்பு என்பது அதை விரட்ட உடல் கிளப்பும் எதிர்ப்பின் விளைவு. கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது எதிர்ப்பை அடக்கிவிடுவதால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். பூஞ்சைக்கோ தடையில்லை. வட்ட வடிவம் கலைந்து, எந்த நோய் என்றே தெரியாதபடி பரவும். தொடர்ந்து பூசினால் உள்தோலின் கொலாஜன் மெலிந்து, தொடை இடுக்கில் வரிவரியாகத் தழும்பு விழும். அது நிரந்தரம்.

மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்புகளை விற்பதற்கு எதிரான விதியை மத்திய அரசு 2018-இல் இறுக்கியது. விதி இருக்கட்டும், டியூபின் பின்பக்கம் குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று நாமே பார்த்துவிடலாம். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் அது தேவைப்படும். மருத்துவர் எழுதினால் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும்.

நரம்பைத் தொடும் இரண்டு நோய்கள்

அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. கொப்புளம் தோலில் தெரிந்தாலும் அக்கியை உண்டாக்கும் வைரஸ் ஒளிந்திருந்த இடம் நரம்பு வேர். அதனால்தான் அந்த நரம்பு ஓடும் பாதையில், உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாகக் கிளம்புகிறது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ வந்தால் காத்திருக்கவே கூடாது.

தொழுநோயின் வெளிறிய படை இரண்டாவது; அதை வெண்புள்ளியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மெலனோசைட் அழிந்து வரும் வெண்புள்ளி பால் வெள்ளையாக இருக்கும், தொடு உணர்வு அப்படியே இருக்கும், யாருக்கும் தொற்றாது. இதைக் காட்டிக் கல்யாணத்தை நிறுத்துவதற்கு மருத்துவத்தில் ஒரு நியாயமும் இல்லை. தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குவது. அதன் படை மங்கலாக வெளிறியோ சிவந்தோ இருக்கும்; தொட்டால் உணர்வு குறைந்திருக்கும். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் படையையும் பக்கத்துத் தோலையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியலாம். தெரிந்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கூட்டு மருந்து அங்கே இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். மருந்து கிருமியைக் கொல்லும். அதற்குள் சிதைந்துவிட்ட நரம்பில் உணர்வு திரும்பாமல் போகலாம் என்பதால், படை அரிக்கவில்லை, வலிக்கவில்லை என்பது தள்ளிப்போடக் காரணமாகாது.