கண் காணும் எழுத்தும் கணிப்பொறி காணும் எழுத்தும்

செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் ஒரு தமிழ்க் கோப்பைப் பதிவேற்றி, இதன் பிழிவைத் தருக என்று கேட்கிறோம். சில வேளைகளில் கோப்பைப் படிக்க இயலவில்லை என்ற மறுமொழி வருகிறது. வேறு சில வேளைகளில் பத்தி பத்தியாக விடை வருகிறது. நடையும் நன்றாக இருக்கிறது. ஆனால் நம் கோப்பில் உள்ள செய்தி அதில் இல்லை. இவ்விரண்டில் பின்னதே பெருந்தீங்கு. முன்னது நம்மை நிறுத்திவிடுகிறது. பின்னதோ நம்மை நம்பவைத்து வழி தவறச் செய்கிறது.

இப்படி நேரும்போது, இதற்குத் தமிழ் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவது எளிது. பெரும்பாலும் அம்முடிவு பிழையானது. நாம் திரையில் காணும் ஏட்டை உதவியாளர் அவ்வாறே காண்பதில்லை. கோப்பைத் திறப்பதற்கும், அதிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுப்பதற்கும், எடுத்தவற்றைக் கூறு போடுவதற்கும் தனித்தனிச் செய்நிரல்கள் இடையில் நிற்கின்றன. அவை எடுத்துக் கொடுப்பதே உதவியாளரை இயக்கும் மொழி மாதிரிக்கு வந்து சேர்கிறது. தம் பெயருக்கு வந்த மடலைப் பிறர் படிக்கக் கேட்டு மறுமொழி சொல்லும் பார்வை குன்றிய முதியவரின் நிலை அது. படிப்பவர் வரிகளை விட்டுவிட்டுப் படித்தால் முதியவரின் அறிவுக்கூர்மை என்ன செய்யும்? ஆகவே பிழை தேடுவோர் முதலில் ஆராய வேண்டியது கோப்பு கடந்து வந்த வழியை.

வழியின் வாயிலில் நேரும் தடைகள் எளியவை. நாலைந்து வரிகள் கொண்ட வெற்று உரைக்கோப்பு ஒன்றை ஏற்றிப் பார்த்தால், தடை இணைய இணைப்பிலா கோப்பிலா என்பது உடனே விளங்கிவிடும். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் ஒட்டு அதன் வகைக்குச் சான்றாகாது. தொடக்கத்தில் உள்ள சில எண்மதிப்புகளே சான்று. இன்றைய வேர்டு, எக்செல் கோப்புகள் யாவும் சுருக்கிக் கட்டிய பொதிகள். அவை 'பி', 'கே' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளுடன் தொடங்கும். அப்பொதிமுறையை வகுத்த பில் காட்ஸ் என்பாரின் பெயரெழுத்துகள் அவை. பழைய வேர்டு கோப்பின் ஒட்டை மட்டும் மாற்றி எழுதினால் அது புதிய வகைக் கோப்பு ஆகிவிடாது. முறையாகத் திறந்து புதிய வகையில் சேமிக்க வேண்டும். கடவுச்சொல் இட்ட கோப்பு உள்ளே சென்றாலும் பூட்டியே கிடக்கும். 2017 முதல் ஐபோன்கள் எடுக்கும் படங்களின் எச்இஐசி வகையை ஏற்காத உதவியாளர்களும் உண்டு. ஜேபெக் வகைக்கு மாற்றினால் வழி திறக்கும்.

வாயிலைக் கடந்தபின் நேரும் இடர்களே ஆழமானவை. அவற்றுள் முதன்மையானது பிடிஎஃப் கோப்பின் இயல்பிலிருந்து எழுவது.

அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட இவ்வடிவம் 2008இல் பன்னாட்டுத் தர நிறுவனத்தின் தரமாயிற்று. எந்தக் கணிப்பொறியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டாலும் பக்கம் ஒரே தோற்றத்துடன் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்நோக்கத்தை அது மிகச் சிறப்பாக நிறைவேற்றியது. ஆனால் அதன் உள்ளே இருப்பது உரை அன்று, வரைவதற்கான கட்டளைகள். இன்ன எழுத்துருவின் இத்தனையாவது வடிவத்தைப் பக்கத்தின் இந்த இடத்தில் வரைக என்பதே அக்கட்டளை. அவ்வடிவம் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பதை உரைக்கும் பொருத்துப் பட்டியல் ஒன்றைக் கோப்பினுள் தனியே வைக்க இடமுண்டு. அப்பட்டியல் இல்லாமலோ குறையுடனோ கோப்பு உருவானால், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பக்கம் கணிப்பொறிக்குப் பொருளற்ற எண்களின் வரிசையாகிவிடும்.

தமிழில் இவ்விடர் மிகுதி. 'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறி (யூனிகோடு) முறையில் ககரத்தின் இடம் முதலில் வரும். ஒகரக் குறி அதன்பின் சேரும். எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு முன்னும், ககரம் நடுவிலும், கால் பின்னும் நிற்கின்றன. வரைந்த வரிசையிலேயே எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் செய்நிரல், கொம்பை முதலில் வைத்து முறைமாறிய ஒரு சரத்தைத் தரும். நம் கண் அதைச் சற்றே சிதைந்த 'கொடி' என்று படித்துக்கொள்ளும். கணிப்பொறிக்கு அது வேறு சரம். 'கொடி' என்று தேடினால் அகப்படாது. ஒரு நூலில் கொம்புள்ள சொற்கள் யாவும் இவ்வாறு உடைந்து கிடக்க, அந்நூலைப் பற்றிய வினாவுக்கு நல்ல விடையை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இதனினும் கடிய இடர் பழைய எழுத்துருக்களால் வருவது. ஒருங்குறி பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் செய்தனர். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டெழுதிய கோப்பினுள் இருப்பவை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அவ்வெழுத்துரு நிறுவிய கணிப்பொறியில் அது தமிழ். உதவியாளருக்கு அது பொருளற்ற ஆங்கிலக் குப்பை. இக்குழப்பத்தைத் தீர்க்க 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியாக்கங்கள் வகுக்கப்பட்டன. இணையத் தமிழர்களிடையே தகுதரம் என்னும் தசுகி முறை வழங்கியது. 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியையும், அதற்கு இயலாத இடங்களில் தமிழ் அனைத்தெழுத்து 16 நுண்மிக் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. ஆயினும் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பழைய எழுத்துருக்கள் இன்னும் மறையவில்லை.

இவ்விரு இடர்களையும் கண்டறிய ஓர் எளிய ஆய்வு போதும். கோப்பைத் திறந்து, ஒரு பத்தியைப் படியெடுத்து, வெற்று உரைத்தொகுப்பியில் ஒட்டிப் பாருங்கள். அங்கே தமிழ் தமிழாகவே விழுந்தால் கோப்பு நலமுடன் இருக்கிறது. கொம்புகள் இடம் மாறியோ, ஆங்கிலக் குப்பையாகவோ விழுந்தால் உதவியாளருக்கும் பெரும்பாலும் அதுவே சென்றிருக்கும். எதுவுமே படியாகவில்லை என்றால் அப்பக்கம் ஒரு படம். எழுத்துருச் சிக்கல் எனில் குறியாக்க மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றியும், பொருத்துப் பட்டியலின் குறை எனில் மூல வேர்டு கோப்பையே ஏற்றியும் சரிசெய்யலாம். இத்துறையில் இதைவிடப் பயனுள்ள ஆய்வு வேறில்லை என்பேன்.

படமான பக்கங்களை எழுத்துணரி கொண்டே படிக்க வேண்டும். எச்பி ஆய்வகத்தில் 1985 முதல் உருவாகி 2005இல் கட்டற்ற மென்பொருளான டெசராக்ட் என்னும் எழுத்துணரி தமிழையும் படிக்கிறது. ஆனால் அங்குலத்துக்கு 300 புள்ளிகளேனும் அடர்வு இருந்தால்தான் புள்ளியும் சுழியும் தெளிவாகப் பிரியும். புள்ளி தொலைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். சுழி தொலைந்தால் ணகரம் னகரமாகிவிடும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் லை, னை, ணா, றா போன்றவை வேறு வடிவில் இருக்கின்றன. இக்கால வடிவங்களைக் கொண்டு பயின்ற எழுத்துணரி அங்கே தடுமாறும். தமிழ் எண்களிலும் இடருண்டு: ஒன்றைக் குறிக்கும் ௧ ககரத்தையும், ஏழைக் குறிக்கும் ௭ எகரத்தையும் ஒத்திருக்கின்றன. பக்கத்தைப் படமாகவே நோக்கும் உதவியாளர்களும் இன்று உண்டு. அவற்றுள் பல பெரிய படத்தைத் தமக்கேற்ற அளவுக்குச் சுருக்கிக்கொள்வதால் சிற்றெழுத்துகள் கலைந்துபோகும். முழுப் பக்கத்தைத் தருவதினும் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டித் தருவது நன்று.

கோப்பே பொய் சொன்ன ஒரு நிகழ்வும் நினைவில் கொள்ளத்தக்கது. 2013இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கணிப்பொறி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் வருடிகள் சில எண்களையே மாற்றிவிடுவதை வெளிப்படுத்தினார். ஒரு கட்டட வரைபடத்தில் 21.11 என்றிருந்த அறையின் பரப்பு, வருடிய படியில் 14.13 என்று மாறியிருந்தது. ஒத்த வடிவங்களை ஒன்றெனக் கருதி, ஒன்றையே பல இடங்களில் பதிக்கும் சுருக்குமுறையே அதற்குக் காரணம். எண் மங்கலாகத் தெரியவில்லை. தெளிவாக, ஆனால் தவறாகத் தெரிந்தது. அத்தகைய கோப்பை எந்த நுண்ணறிவாலும் திருத்த இயலாது.

விரிதாள்களின் இடர் வேறு வகையினது. 2020இல் இங்கிலாந்தின் பொதுநலவாழ்வுத் துறை பழைய எக்செல் வடிவத்தைப் பயன்படுத்தியதால், 65,536 வரிசைகள் என்னும் அதன் எல்லைக்கு அப்பால் இருந்தவை ஒலியின்றி உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நாளின் கணக்கில் சேரவில்லை. அதே ஆண்டில், மாந்த மரபணுக்கள் சிலவற்றின் பெயர்க்குறிகளை விரிதாள்கள் தேதிகளாக மாற்றிவிடுகின்றன என்பதற்காக அப்பெயர்க்குறிகளையே மாற்ற நேர்ந்தது. எனவே பகுப்பாய்வு கேட்பதற்கு முன் உதவியாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை வரிசைகள், நிரல்களின் பெயர்கள் எவை, கடைசி வரிசை யாது. விடை உங்கள் தாளுடன் பொருந்திய பிறகே கூட்டலையும் வரைபடத்தையும் நாடலாம். இணைத்த கட்டங்களைப் பிரித்துவிடுவதும், தலைப்பை ஒற்றை வரிசையில் வைப்பதும், 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்பதைச் சொல்லிவிடுவதும் பல பிழைகளைத் தவிர்க்கும்.

எழுத்துகள் நலமாகச் சென்று சேர்ந்த பின்னும் நீளம் ஓர் எல்லையாக நிற்கிறது. மொழி மாதிரி உரையைச் சிறு கூறுகளாக வெட்டியே படிக்கிறது. ஒரே நேரத்தில் அது கொள்ளும் கூறுகளுக்கு வரம்பு உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஓர் எண்ணுண்மி (பைட்) போதும். தமிழின் ஒவ்வொரு குறியீட்டிடத்துக்கும் மூன்று வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லுக்குப் பதினைந்து எண்ணுண்மிகள். கூறுபோடும் முறைகள் ஆங்கில உரை மிகுந்த தொகுப்புகளிலிருந்து கற்றவை ஆதலால், ஒரே செய்தி தமிழில் கூடுதல் கூறுகளாக உடைகிறது. ஆங்கில நூலொன்று முழுமையாக அடங்கும் இடத்தில் அதே நூலின் தமிழாக்கம் அடங்காமல் போகலாம். இது நம் மொழிக்கு இழைக்கப்பட்டுவரும் முறைகேடு என்றே கருதுகிறேன். கூறுபோடும் முறையைச் செப்பம் செய்வோர் இதைக் களைந்தாக வேண்டும்.

வரம்பை மீறிய கோப்பை உதவியாளர்கள் பல முழுமையாகப் படிப்பதில்லை. வினாவோடு பொருந்தும் சில பகுதிகளை மட்டும் தேடி எடுத்துக்கொள்கின்றன. ஒரு செய்தியைத் தேடுவோருக்கு அம்முறை ஏற்றது. நூல் முழுவதன் பிழிவைக் கேட்போருக்கு அது ஏற்றதன்று. முழுவதும் அடங்கினாலும், நீண்ட உரையின் தொடக்கமும் இறுதியும் நன்கு பயன்படுவதையும், நடுவில் உள்ளது நழுவுவதையும் 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் காட்டினர். இயல் இயலாகப் பிரித்து ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேட்பது இதற்கான வழி. முந்தைய பிழையான விடைகளும் உரையாடலில் தங்கி அடுத்த விடையைக் கெடுக்கும் ஆதலால், திருத்திய கோப்பைப் புதிய உரையாடலில் ஏற்றுக.

விடை எவ்வளவு அழகாக இருப்பினும், அது எந்தப் பக்கத்தின் எந்த வரியிலிருந்து வந்தது என்று கேட்டு, அவ்வரியை நாமே கோப்பில் தேடிப் பார்க்க வேண்டும். வரி அங்கே இல்லையெனில் விடையைத் தள்ளிவிட வேண்டும். வழக்குத் தாள், மருத்துவ அறிக்கை, நிலப் பத்திரம் ஆகியவற்றில் இதற்கு விலக்கே இல்லை.

தமிழ் நூல்களை மின்பதிப்பாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தொடக்க ஆண்டுகளில் தகுதரம் உள்ளிட்ட பழைய முறைகளில் நூல்களை வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. அதனால்தான் அந்நூல்களை இன்றைய கருவிகள் தடையின்றிப் படிக்கின்றன. நம் அலுவலகங்களிலோ, கணிப்பொறியில் தட்டெழுதிய ஆணையை அச்சிட்டு, கையெழுத்திட்டு, மீண்டும் வருடிப் படமாக்கி வெளியிடுகிறோம். உயிருள்ள உரையை நாமே படமாக்கி முடக்குகிறோம். பதிப்பாளர்களும் அலுவலர்களும் ஆசிரியர்களும் வெளியிடும் ஒவ்வொரு கோப்புடனும் அதன் ஒருங்குறி உரையையும் சேர்த்து வெளியிட வேண்டும். பழைய எழுத்துருவில் முடங்கிக் கிடக்கும் கோப்புகள் உங்கள் கணிப்பொறியில் இருந்தால், அவற்றை இப்போதே ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தையும் அழிக்காமல் உடன் வைத்துக் காத்திடுங்கள்.